பழைய வாஷர் எங்கே போச்சு?

ஆயில் மாற்றி மூன்றாவது நாள் காலை. வண்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டையில் ஒரு சொட்டு. புது ஆயில் என்பதால் தேன் நிறத்தில், பார்க்க அழகாகவே இருந்தது. தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றுகிற டிரெயின் போல்ட்டின் தலையில் அடுத்த சொட்டு தயாராகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் மனசுக்குள் ஒரு குரல் வரும் பாருங்கள், "இன்னும் கால் சுற்று இறுக்கு, நின்றுவிடும்" என்று, அந்தக் குரலை நம்பித்தான் நான் என் சம்ப்பின், அதாவது இஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியின், மரையைத் தொலைத்தேன்.

ஒரே நாளில் நடந்ததில்லை அது. முதல் தடவை கால் சுற்று. சொட்டு குறைந்த மாதிரி இருந்தது. நான்கு நாள் கழித்து மறுபடி சொட்டு, மறுபடி கொஞ்சம் இறுக்கினேன், இந்த முறை ஸ்பேனர் கைப்பிடியில் ஒரு பைப்பைச் செருகிக்கொண்டு, பெரிய வேலைக்காரன் மாதிரி. அதற்கடுத்த வாரம் மூன்றாவது தடவை. இறுகிக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று இளகியது. சத்தம் எதுவும் இல்லை. கைக்கு மட்டும் தெரிந்தது, இதுவரை எதிர்த்து நின்ற ஒன்று எதிர்ப்பதை நிறுத்திவிட்டது என்று. அதற்குப் பிறகு எந்தப் பக்கம் சுற்றினாலும் சுற்றிக்கொண்டே இருந்தது. கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் மரை இடுக்குகளில் வெள்ளி இழை மாதிரி அலுமினியம் சுருண்டு வந்திருந்தது. அது சம்ப்பின் மரை. போல்ட் எஃகு, சம்ப் அலுமினியம், இரண்டுக்கும் சண்டை வந்தால் யார் தோற்பார் என்று சொல்லவே வேண்டியதில்லை.

சரி, மரை போனது என் தவறு. ஆனால் முதல் சொட்டு ஏன் வந்தது? அது தெரிந்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போய்விட்டது. சம்ப்பின் ஓட்டையைச் சுற்றி, எண்ணெய் அழுக்கோடு அழுக்காக, பழைய வாஷர் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் யாரோ அதை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள், நானும் பார்க்காமல் அதற்கு மேல் புது வாஷரை வைத்து இறுக்கியிருக்கிறேன். ஏற்கெனவே நசுங்கிக் கடினமாகிவிட்ட ஒன்று, அதன்மேல் புதிது ஒன்று, நடுவில் அழுக்கு. இதை எவ்வளவு இறுக்கினால்தான் என்ன?

இந்தப் போல்ட்டைப் பற்றி நம்மில் பலருக்கு இருக்கும் எண்ணமே தப்பு என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. இஞ்சினுக்குள் ஆயில் பயங்கர அழுத்தத்தில் சுற்றுகிறது, அதை இந்தப் போல்ட்தான் தாங்கிப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அழுத்தம் இருப்பது பம்ப்புக்கு அப்புறம்தான், அதாவது ஃபில்டரிலும் பேரிங்குகளுக்குப் போகும் வழிகளிலும். அங்கே பல பார் அழுத்தம் இருக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). சம்ப் என்பது வெறும் தொட்டி. மேலேயிருந்து வடிந்து வரும் ஆயில் தேங்கும் இடம். பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஆயில் நின்றால் அதன் எடையால் போல்ட்டின் மேல் வரும் அழுத்தம் ஒரு பாரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வாளித் தண்ணீரின் அடியில் விரலை வைத்து அடைக்கிற மாதிரிதான்.

அப்படியிருக்க அந்தப் போல்ட்டுக்கு இரண்டே வேலைதான். அதிர்வில் கழன்று விழக்கூடாது, வாஷரைச் சம்ப்போடு சீராக அழுத்தி வைத்திருக்க வேண்டும். கசிவை அடைப்பது வாஷர். மரை அடைப்பதில்லை. இது கூம்பாகக் குறுகாத நேர் மரை, அதன் இடுக்கில் சுருள் படிக்கட்டு மாதிரி ஒரு வழி எப்போதும் திறந்தேதான் இருக்கும், ஆயில் அந்த வழியாகச் சுற்றிச் சுற்றி இறங்கி வாஷர் வரைக்கும் தாராளமாக வரும். அங்கே வாஷரின் மென்மையான உலோகம் நசுங்கி, போல்ட் தலையிலும் சம்ப்பின் முகத்திலும் உள்ள நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் புகுந்து உட்கார்ந்திருந்தால் ஆயில் நின்றுவிடும். அதனால்தான் அலுமினியம், செம்பு மாதிரி நசுங்கக்கூடிய பொருளில் செய்கிறார்கள். நசுங்குவதுதான் அதன் வேலை, ஒரு தடவை நசுங்கியதும் வேலை முடிந்தது.

இங்கேதான் "பழைய வாஷரையே திருப்பிப் போட்டால் போதும்" என்கிற கட்சி வரும். நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான். தட்டையான அலுமினிய வாஷரைத் திருப்பிப் போட்டு ஒழுகாமல் ஓடிய வண்டிகள் நிறைய உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பழைய வாஷரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். போல்ட் தலை பதிந்த வட்டம் ஒரு பக்கம், சம்ப் பதிந்த வட்டம் மறுபக்கம். அடுத்த முறை அதே வட்டம் அதே இடத்தில் உட்கார்ந்தால் தப்பித்தோம், ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்தால் பழைய பள்ளத்தின் விளிம்பு புது முகத்தைக் குறுக்கே வெட்டும். உள்ளே காலியிடம் விட்டு மடித்துச் செய்த வாஷர் என்றால் பேச்சே இல்லை, அது ஒரு தடவை தட்டையானால் தட்டையானதுதான். வாஷரைப் போல மலிவான சாமான் அந்த வேலையில் வேறு எதுவுமே இல்லை, அதில் மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறோம்?

செம்பு வாஷருக்கு மட்டும் ஒரு பழைய வைத்தியம் உண்டு. நசுங்கிய செம்பு கடினமாகிவிடும், அதை அடுப்புச் சுடரில் பிடித்து மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி இளகும். தண்ணீரில் போட்டாலும் பரவாயில்லை, எஃகு மாதிரிச் செம்பு அதனால் கடினமாகாது. மேலே படியும் கறுப்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். அலுமினியத்தில் இதை முயற்சி செய்யாதீர்கள். அது உருகும் வெப்பநிலை 660 டிகிரி செல்சியஸ், அதற்கு முன்னால் சிவந்து நமக்கு எச்சரிக்கையும் கொடுக்காது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்துவிடும். நான் ஒன்றை அப்படி இழந்தேன், சும்மா ஆர்வக் கோளாறில்.

எல்லா வண்டியிலும் இதே ஏற்பாடு கிடையாது. சிலவற்றில் ரப்பர் ஒட்டிய வாஷர், சிலவற்றில் போல்ட்டின் கழுத்திலேயே ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம். புதிதாக வரும் சில கார்களில் சம்ப்பே பிளாஸ்டிக், அடைப்பும் பிளாஸ்டிக், கொஞ்சமாகத் திருப்பினாலே மாட்டிக்கொள்ளும், அதைச் சில தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு முறையும் மாற்றச் சொல்கிறார்கள். சில பைக்கிலும் ஸ்கூட்டரிலும் போல்ட்டுக்குப் பதில் ஒரு பெரிய மூடி இருக்கும், உள்ளே ஸ்பிரிங்கும் சல்லடையும், தெரியாமல் சட்டென்று திறந்தால் ஸ்பிரிங் துள்ளி ஆயில் தட்டுக்குள் போய் விழும், அப்புறம் சூடான கறுப்பு ஆயிலில் கைவிட்டுத் தேட வேண்டியதுதான். உங்கள் வண்டியில் எது என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு, அதற்குரிய வாஷரை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆயிலை வடித்த பிறகு வாஷர் வாங்க எந்த வண்டியில் போவீர்கள்?

இப்போது நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போவதில்லை, ஸ்டாண்டு வைத்து, வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான். இதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. இஞ்சின் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், கொதிக்கக் கூடாது. கழற்றப்போவது இஞ்சின் சம்ப்பின் போல்ட்தானா என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்வேன், ஏனென்றால் கியர்பாக்ஸுக்கும் அடியில் ஒரு போல்ட் இருக்கும், அதைத் திறந்து நல்ல கியர் ஆயிலைக் கொட்டிவிட்டு இஞ்சினில் இருமடங்கு ஆயிலை ஊற்றியவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, மல்லாந்து படுத்துக்கொண்டு வேலை செய்யும்போது இடம் எது வலம் எது என்று மூளை குழம்பும். போல்ட்டின் தலையை நேராகப் பார்த்து, கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்பினால் கழலும், அவ்வளவுதான். கழற்றுவதாக நினைத்து இறுக்கியே மரையைக் கெடுத்த கதைகள் உண்டு.

ஸ்பேனர் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஆறு முக சாக்கெட் அல்லது நல்ல ரிங் ஸ்பேனர். திருகி அளவு மாற்றும் ஸ்பேனரை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, தலை மழுங்கிய போல்ட்டைக் கழற்றுவது தனி நரகம்.

போல்ட் இளகியதும் கையால் கழற்றும்போது உள்நோக்கி அழுத்திக்கொண்டே சுற்றுங்கள், கடைசி மரை வந்ததும் சட்டென்று எடுத்துவிடலாம், ஆயில் முழங்கை வரை வழியாது. எனக்கு இன்னமும் வழிகிறது, அது வேறு விஷயம்.

ஆயில் வடிந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் முக்கியமான வேலை. முதலில் போல்ட்டைப் பார்ப்பேன். வாஷர் அதோடு வந்ததா? வரவில்லை என்றால் இரண்டே இடம்தான், ஆயில் தட்டுக்குள் விழுந்திருக்க வேண்டும், அல்லது சம்ப்பில் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் கொடுமை. பழைய அலுமினிய வாஷரும் அலுமினியச் சம்ப்பும் ஒரே நிறம், மேலே ஒரே அழுக்கு. ஆனால் நகத்துக்குத் தெரியும். ஓட்டையைச் சுற்றி நகத்தை வெளியிலிருந்து உள்ளே இழுத்தால், வாஷர் இருந்தால் ஒரு படி தட்டும். தட்டியதா, அதுதான். ஒரு மரக்குச்சியோ பிளாஸ்டிக் துண்டோ வைத்து நெம்பினால் வந்துவிடும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். அது சம்ப்பின் முகத்தில் உள்ளிருந்து வெளியே போகிற மாதிரி ஒரு கீறல் போடும், அந்தக் கீறல் ஆயிலுக்கு நாமே வெட்டிக்கொடுத்த வாய்க்கால், எந்த வாஷரும் அதை முழுசாக அடைக்காது. வட்டமாகச் சுற்றிவரும் கீறல் அவ்வளவு ஆபத்தில்லை, குறுக்கே ஓடும் கீறல்தான் ஆபத்து.

அப்புறம் போல்ட்டின் மரையைத் துடைத்துக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டும். முனையில் காந்தம் இருக்கிற போல்ட் என்றால் சாம்பல் நிறத்தில் மை மாதிரிக் குழைவாக ஏதாவது ஒட்டியிருக்கும், அது வழக்கமான தேய்மானம், பயப்பட வேண்டாம். விரலில் உருட்டினால் குத்துகிற சில்லுகள் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். மரை இடுக்கில் வெள்ளையாக அலுமினியம் இருந்தால், என் கதை உங்களுக்கும் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

சொட்டு முழுவதும் நிற்கட்டும் என்று காத்திருந்தால் பொழுது விடிந்துவிடும். நூல் மாதிரி வந்தது சொட்டுச் சொட்டாக மாறி, ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே நிதானமாகப் பத்து எண்ண முடிகிறது என்றால் போதும். பஞ்சு பறக்காத துணியால் சம்ப்பின் முகத்தை ஒரு சுற்று துடைத்து, புது வாஷர் போட்ட போல்ட்டை விரலாலேயே ஏற்ற வேண்டும். விரலால் என்றால் விரலால்தான். முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள், மரையும் மரையும் சந்திக்கும் இடத்தில் லேசாக ஒரு 'டக்' விழும், அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் தானாகவே ஏறும். என் வண்டியின் போல்ட்டில் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 1.5 மில்லிமீட்டர், விரலால் ஏழெட்டுச் சுற்று வழுக்கிக்கொண்டு போய் வாஷரில் முட்டி நிற்கும். இரண்டாவது சுற்றிலேயே ஸ்பேனர் கேட்டால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள், கழற்றி மறுபடி தொடங்குங்கள்.

கடைசியில் இறுக்கும் கணக்கு. என் கையேட்டில் போட்டிருப்பது 39 நியூட்டன் மீட்டர். போல்ட் எம்14, அதாவது 14 மில்லிமீட்டர் தடிமன், தலை 17 மில்லிமீட்டர். இந்த எண்ணை உங்கள் வண்டிக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள், பைக் போல்ட்டுக்கு இதைவிடக் குறைவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். 39 என்றால் எவ்வளவு? இருபது சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் சுமார் 20 கிலோ எடை கொடுக்கிற அழுத்தம். நான் பைப் செருகியபோது நீளம் நாற்பது சென்டிமீட்டர் ஆனது, அதில் உடம்பைச் சாய்த்து நாற்பது கிலோவாவது கொடுத்திருப்பேன். பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 160. நான்கு மடங்கு! அதுவும் எண்ணெய் படிந்த மரையில். நாம் முறுக்கும் விசையில் தோராயமாகப் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடும், மிச்சம் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து வாஷரை நசுக்குகிறது. அந்த ஒரு பங்கே ஒரு டன்னுக்கு மேல் வரும். மரையில் எண்ணெய் இருந்தால் உராய்வு குறைந்து, அதே முறுக்கில் இழுவிசை இன்னும் கூடும். "கைக்குத் தெரியும்" என்று சொல்பவர்களுக்கு நிஜமாகவே தெரிந்திருக்கலாம், தினமும் பத்து வண்டி பார்க்கிற கை அது. வருஷத்துக்கு இரண்டு தடவை செய்கிற என் கைக்குத் தெரியவில்லை. இப்போது டார்க் ரெஞ்ச் வைத்திருக்கிறேன், இறுக்க வேண்டிய அளவை முன்கூட்டியே அதில் குறித்துவிடலாம். அளவு வந்ததும் ஒரு 'கிளிக்', அதோடு கையை எடுத்துவிட வேண்டும், திருப்திக்காக இன்னொரு கிளிக் கூடாது. புது வாஷர் நசுங்கும்போது இறுகாமல் கொஞ்ச தூரம் கூடவே வருகிற மாதிரி இருக்கும், முதல் தடவை பதறிப்போனேன், மறுபடியும் மரை போச்சு என்று. அது வாஷர்தான்.

டெஃப்லான் டேப் பற்றி யாராவது கேட்பார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். வேண்டாம். சிலிக்கான் பேஸ்ட்டும் வேண்டாம். மரையில் அடைக்க வேண்டிய வேலையே இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அப்புறம் எதற்கு? டேப் கிழிந்து, பேஸ்ட் பிதுங்கி, அந்தத் துணுக்குகள் சம்ப்புக்குள் விழுந்தால் ஆயில் உறிஞ்சும் குழாயின் சல்லடையில் போய் ஒட்டும். சொட்டை நிறுத்தப்போய் இஞ்சினின் தொண்டையை அடைத்த கதையாகிவிடும். போதாததற்கு டேப் மரையை வழுக்க வைத்து, டார்க் ரெஞ்ச் காட்டும் அளவையும் பொய்யாக்கும்.

சரி, எல்லாம் முறையாகச் செய்தும் போல்ட்டில் சொட்டு தொங்குகிறதா? ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் மேலே பாருங்கள். டிரெயின் போல்ட் இஞ்சினிலேயே தாழ்ந்த இடம், எங்கே கசிந்தாலும் ஆயில் வழிந்து வந்து கடைசியில் தொங்குவது அதில்தான். ஃபில்டர் கழற்றும்போது கொட்டியது, ஊற்றும்போது சிந்தியது, வால்வு மூடியின் கேஸ்கெட்டில் கசிவது, எல்லாப் பழியும் பாவம் அந்தப் போல்ட்டின் தலையில் விழும். அந்தப் பகுதியைச் சுத்தமாகத் துடைத்து உலரவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைப் போல்ட்டைச் சுற்றியும் அதற்கு மேலேயும் தூவிவிட்டு, பத்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டு அணைத்துவிட்டுப் பாருங்கள். ஆயில் வந்த பாதை பவுடரில் கறுப்புக் கோடாகத் தெரியும். வாஷரின் விளிம்பிலிருந்து தொடங்கினால் போல்ட். மேலேயிருந்து கோடு இறங்கினால் வேறு யாரோ.

மேலேயிருந்து என்றால் ஃபில்டரை முதலில் சந்தேகப்படுங்கள். என் வாஷருக்கு நடந்த அதே கதை ஃபில்டருக்கும் நடக்கும், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், அதன்மேல் புது ஃபில்டரை ஏற்றினால் ரப்பர்மேல் ரப்பர். அங்கே அழுத்தம் உண்டு என்பதால் சொட்டெல்லாம் கிடையாது, ஸ்டார்ட் செய்ததும் பீய்ச்சி அடித்து ஆயிலைத் தரையில் கொட்டிவிடும்.

போல்ட்தான் கசிகிறது என்று உறுதியானால், இறுக்கும் அளவு ஏற்கெனவே சரியாக இருந்தால், மேலும் இறுக்காமல் வடித்துவிட்டு வாஷரை மாற்றுங்கள். சுத்தமான தட்டில் பிடித்தால் அதே ஆயிலைத் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம். ஒரு சொட்டுதானே என்றும் விட்டுவிடாதீர்கள். நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 1440 சொட்டு, ஒரு மில்லிக்கு இருபது சொட்டு என்று வைத்தால் 72 மில்லி, இரண்டு வாரத்தில் ஒரு லிட்டர் காலி.

என் சம்ப் பிழைத்துக்கொண்டது. மெக்கானிக் ஒருவர் கெட்ட மரையைத் துளைத்தெடுத்து, புது மரை வெட்டி, உள்ளே எஃகுச் சுருள் ஒன்றை ஏற்றினார், அதில் பழைய அளவு போல்ட்டே சேர்கிறது. மரை வெட்டும் கருவியில் கெட்டியாகக் கிரீஸ் தடவிக்கொண்டார், சீவல்கள் அதிலேயே ஒட்டிக்கொள்ள. முடிந்ததும் மேலேயிருந்து அரை லிட்டர் ஆயிலை ஊற்றி, தப்பிய சீவல்களைக் கழுவி இறக்கினார். திட்டவில்லை. கழற்றி எடுத்த இரண்டு வாஷர்களையும், ஒன்றோடொன்று ஒட்டியபடியே, துடைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ஜோடியை ஒரு கம்பியில் கோத்து, கருவிகள் மாட்டும் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் பழைய வாஷர் அந்தக் கம்பியில் ஏறிய பிறகுதான் புது வாஷரைப் பொட்டலத்திலிருந்து எடுப்பேன். போன மாதம் ஏறியது ஆறாவது. அதற்கு மட்டும் ஆயில் தட்டுக்குள் கால் மணி நேரம் காந்தம் விட்டுத் துழாவினேன், அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது என்பது ஞாபகம் வரும்வரை.